மோட்டார் சைக்கிள் என்ஜினை வீட்டிலேயே பராமரித்தல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒற்றை சிலிண்டர் கொண்ட சாதாரண மோட்டார் சைக்கிளின் என்ஜினில் ஊற்றப்படும் ஆயில் பெரும்பாலும் ஒரு லிட்டரைச் சுற்றியே இருக்கும். அந்த ஒரு லிட்டர்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே மெல்லிய படலமாக நிற்கிறது, கியர்பாக்ஸின் பற்சக்கரங்களை நனைக்கிறது, கிளட்ச் தட்டுகளையும் தன்னுள் மூழ்க வைத்திருக்கிறது. காரில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில் உண்டு. என்ஜினுக்கு மட்டுமே மூன்று நான்கு லிட்டர் பிடிக்கும். மோட்டார் சைக்கிளிலோ மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரே பார்க்க வேண்டியிருப்பதால், அதில் கால் லிட்டர் குறைந்தாலும், மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டாலும் அதன் விளைவு விரைவில் தெரியத் தொடங்கும். இந்த விளக்கத்தில் ஆயிலுக்கு அதிக இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கேபிள்கள், டேப்பட் ஆகியவை அதன் பின்னே வருகின்றன.

இங்கே சொல்லப்படுவது நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜினை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இங்கே தரும் அளவுகள் எந்த அளவில் எதை எதிர்பார்க்கலாம் என்று காட்டுவதற்கானவை. உங்கள் வண்டிக்கு உரிய இறுதி அளவு வண்டியோடு வந்த கையேட்டில்தான் இருக்கிறது. ஸ்பேனரைத் தேடுவதற்கு முன் அந்தக் கையேட்டைத் தேடி எடுத்து, பராமரிப்பு அட்டவணை உள்ள பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

கருவிகளும் கைப்பக்குவமும்

கருவிகள் அதிகம் தேவையில்லை. டிரெயின் போல்ட்டின் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) அளவுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளைக் கொண்ட ஃபீலர் கேஜ், ஒரு புனல், பழைய ஆயிலைப் பிடிக்க அகலமான தட்டு, அளவுக் குறியிட்ட குவளை, நூல் பிரியாத பழைய துணி, கையுறை ஆகியவை போதும். வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை என்ஜின் பக்கம் கொண்டு வர வேண்டாம். அது போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும், மழுங்கிய போல்ட்டைக் கழற்றுவது தனி வேலையாகிவிடும். எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று இருந்தால் மிகவும் நல்லது.

டார்க் ரெஞ்சைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. முதன்முறையாக ஆயில் மாற்றியபோது, கசிந்துவிடுமோ என்ற பயத்தில் டிரெயின் போல்ட்டை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் கையில் இருந்த எதிர்ப்பு சட்டென்று இல்லாமற் போய், ஸ்பேனர் வெண்ணெயில் சுற்றுவதைப் போலச் சுற்றியது. போல்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தால், அதன் பள்ளங்களில் வெள்ளிக் கம்பிச் சுருள் போல ஒன்று சிக்கியிருந்தது. அது என்ஜின் அடிப்பாகத்தின் மரை. போல்ட் எஃகால் ஆனது, என்ஜினின் உடலோ அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். புதியவர் கையால் என்ஜினுக்கு நேரும் சேதங்களில் பெரும்பகுதி இப்படி மிகையாக இறுக்குவதால் வருவதே. ஆகவே எந்த போல்ட்டையும் முதலில் விரலாலேயே ஐந்தாறு சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஏறாத போல்ட் மரையில் கோணலாக நிற்கிறது என்று பொருள். அதை ஸ்பேனரால் கட்டாயப்படுத்தாமல் வெளியே எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும்.

வேலை செய்யும் இடம் சமதளமாகவும் காற்றோட்டம் உள்ளதாகவும் இருக்கட்டும். மூடிய அறையில் என்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஆயில் அளவைப் பார்ப்பது

ஆயிலை மாற்றுவதற்கு முன், அதன் அளவைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இது வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. என்ஜினை மூன்று நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள். மேலே ஏறிய ஆயில் வடிந்து கீழே சேர்வதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் காத்திருந்து, பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியில் ஆயிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், அதில் காணும் அளவு பொய்யானது. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியை மற்றொருவர் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அளவுக்கோலை உருவித் துடைத்து, மீண்டும் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல வண்டிகளில் கோலை மரையில் திருகாமல், துளையின் மேல் வெறுமனே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் முழுதாகத் திருகிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சில மில்லிமீட்டர்தான் என்றாலும், கோலின் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே உள்ள தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், முறை மாறினால் அளவும் மாறிவிடும். கோலுக்குப் பதிலாகக் கண்ணாடிச் சாளரம் உள்ள வண்டியில் இந்தக் குழப்பம் இல்லை.

ஆயில் இரு குறிகளுக்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் ஊற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கேடுதான் என்பதைப் பலர் நம்புவதில்லை. மிகையான ஆயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அது பாகங்களைச் சரிவரக் காக்காது. மிஞ்சியது மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும். ஃபில்டர் பெட்டியில் காரணமின்றி ஆயில் கிடந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது போன முறை ஊற்றிய அளவைத்தான்.

கோலில் ஒட்டியிருக்கும் ஆயிலையும் சற்று உற்றுப் பாருங்கள். கறுப்பாக இருப்பது நோயல்ல. எரிதலில் உண்டாகும் கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தப்படும் வண்டியில் இது அடிக்கடி நேரும். உள்ளே படியும் ஈரத்தை ஆவியாக்கும் அளவுக்கு அந்த என்ஜின் சூடேறுவதே இல்லை. கொஞ்சமாக ஓட்டும் வண்டிக்கு ஆயில் மாற்றத் தேவையில்லை என்று நினைப்பது இதனால்தான் தவறு. கோலில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறது. கார்புரேட்டர் உள்ள வண்டியில் அதன் ஊசி வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

எந்த ஆயில்

டப்பாவின் மேல் 10டபிள்யூ-30 என்பது போல இருக்கும் எண்களில், டபிள்யூவோடு சேர்ந்தது குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் பாகுத்தன்மை எந்த வகுப்பில் நிற்கும் என்பதையும் குறிக்கும். கெட்டியான ஆயில் என்ஜினை நன்றாகக் காக்கும் என்று எண்ணி எண்ணை உயர்த்த வேண்டாம். என்ஜினின் இடைவெளிகளும் பம்பும் கையேடு சொல்லும் வகுப்புக்கு ஏற்பவே வடிவமைக்கப்பட்டவை.

அதைவிட முக்கியமானது ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) தரும் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியீடு. கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியபடியே ஒன்றையொன்று பற்றிப் பிடிக்க வேண்டிய வண்டிகளுக்கு உரிய ஆயில் இது. கார்களுக்கான பல ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். என்ஜினுக்கு அது நன்மை, ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு அதுவே வழுக்கல். எம்.பி. என்ற குறியீடு உராய்வு குறைந்த ஆயிலைக் குறிக்கும். அது உலர்ந்த கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கானது. வீட்டில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் இருந்து, ஒன்றுக்கு வாங்கியதில் மிஞ்சியதை மற்றதில் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடலாம்.

ஆயில் மாற்றும் முறை

பெரும்பாலான வண்டிகளுக்கு 3000 முதல் 6000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டியிருக்கும். புதிய வண்டியின் முதல் ஆயில் இதைவிட மிகவும் முன்னதாக, 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் மாற்றப்படும், ஏனெனில் புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று படிந்து பழகும்போது உதிரும் உலோகத் துகள் அதில்தான் சேர்கிறது.

என்ஜினை மூன்று நான்கு நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் இளகி ஓடும், அடியில் படிந்த அழுக்கும் அதோடு கிளம்பி வரும். நீண்ட பயணம் முடிந்து வந்த உடனே தொடங்க வேண்டாம். அப்போது ஆயில் கையைப் பொசுக்கும், சைலன்ஸரும் அருகில்தான் இருக்கிறது. வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி எடுத்துவிட்டு, அந்தத் துளைக்குள் தூசி விழாதபடி சுத்தமான துணியை லேசாக மூடி வையுங்கள். மேலே காற்று நுழைய வழி இருந்தால்தான் கீழே ஆயில் தடையின்றி இறங்கும்.

அடுத்து, என்ஜினின் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். இடஞ்சுழியாகத் திருகினால் கழலும் என்பது உண்மைதான், ஆனால் அது போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது மட்டுமே உண்மை. நீங்கள் மேலிருந்து குனிந்து பார்க்கிறீர்கள், போல்ட்டின் தலையோ தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் திசை தலைகீழாகிவிடும். கழற்றுவதாக நினைத்து இறுக்கி மரையை உடைத்தவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் தரையில் தலை சாய்த்து, போல்ட்டைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து, பிறகு திசையை முடிவு செய்யுங்கள்.

ஸ்பேனரால் முதல் இறுக்கத்தை மட்டும் விடுவித்து, மீதியை விரலால் திருகுங்கள். திருகும்போதே போல்ட்டை மேல்நோக்கி, அதாவது என்ஜினுக்குள் தள்ளுவது போல, அழுத்திக்கொண்டே இருங்கள். மரை முடியும் இடம் விரலுக்கு ஒரு சிறு தளர்வாகத் தெரியும். அந்த நொடியில் கையைப் பக்கவாட்டில் சட்டென்று விலக்கினால் போல்ட் கையில் இருக்கும், ஆயில் தட்டில் இருக்கும். அழுத்தாமல் திருகினால் கடைசிச் சுற்றிலேயே ஆயில் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை இறங்கும், போல்ட்டும் ஆயில் தட்டுக்குள் விழும். ஆயில் முதலில் கயிறு போல இறங்கி, பிறகு நூலாகி, கடைசியில் சொட்டும். பத்து நிமிடங்கள் சொட்டவிடுங்கள்.

அந்தப் பத்து நிமிடங்களில் போல்ட்டையும் ஆயிலையும் சோதிக்கலாம். சில போல்ட்டுகளின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருக்கும் நுண்துகள் இயல்பான தேய்மானம், துடைத்தால் போதும். நகத்தால் எடுக்கக்கூடிய அளவில் உலோகச் சில்லு இருந்தால் அது இயல்பானதல்ல. அதை ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; எந்த உலோகம் என்று தெரிந்தால் எந்தப் பாகம் தேய்கிறது என்று ஊகிப்பது அவருக்கு எளிதாகும்.

இனி ஃபில்டர். மோட்டார் சைக்கிள்களில் இது பொதுவாக மூன்று வகையாக இருக்கும். வட்டமான மூடிக்குள் இருக்கும் காகித ஃபில்டரைக் கையேடு சொல்லும் இடைவெளியில் மாற்ற வேண்டும். கம்பி வலையாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி மீண்டும் பொருத்தலாம். சுழற்சியால் அழுக்கைப் பிரிக்கும் வகையாக இருந்தால், கிளட்ச் பக்கத்து மூடி முழுவதையும் கழற்ற வேண்டும் என்பதால் அதைப் பட்டறையில் விட்டுவிடுவதே நல்லது.

காகித ஃபில்டரைக் கழற்றும்போது அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, அதன் பின்னால் ஸ்பிரிங் இருந்ததா என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் பொருத்திய ஃபில்டர் ஆயில் போகும் வழியை அடைத்துவிடும், அதற்கு என்ஜின் கொடுக்கும் விலை மிகப் பெரிது. மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, அதன் மேல் ஆயிலை விரலால் தடவிப் பொருத்துங்கள். பழைய வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதிய வளையத்தை வைத்து மூடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி மூடினால் நிச்சயம் கசியும்.

டிரெயின் போல்ட்டின் வாஷர் செம்பாலோ அலுமினியத்தாலோ ஆனது. அது நசுங்கித்தான் ஆயிலை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அவ்வளவு நன்றாக நசுங்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போடுங்கள். போல்ட்டை விரலால் ஏற்றி முடித்த பின், கையேடு சொல்லும் விசையில் இறுக்குங்கள். சாதாரண வண்டிகளில் அது பெரும்பாலும் 20 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து, தோளின் பலத்தைச் சேர்க்காமல் மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்குங்கள். வாஷர் நசுங்கும் மென்மையான எதிர்ப்பு முடிந்து, கையில் திண்மை தெரியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

கையேட்டில் ஆயிலின் கொள்ளளவு இரண்டு எண்களாக இருக்கும். பெரிய எண் என்ஜினை முழுதாகப் பிரித்துப் பூட்டும்போது தேவைப்படுவது. நமக்கு வேண்டியது ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டிய சிறிய எண். அதில் பத்தில் ஒன்பது பங்கை அளந்து புனல் வழியாக ஊற்றி, மூடியைப் போட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் இரண்டு நிமிடங்கள் ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு உள்ள வண்டியில் அது சில நொடிகளில் அணையவில்லையென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு முன்னர் சொன்ன முறையில் அளவைப் பார்த்து, குறைவதைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். போல்ட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை இரவு முழுவதும் வைத்திருந்தால், காலையில் அதில் கசிவு இருந்தால் தெரிந்துவிடும்.

பழைய ஆயிலைக் காலி டப்பாவில் ஊற்றி, கழிவு ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றினால் அது நீரில் போய்ச் சேரும். அதைச் சங்கிலிக்குத் தடவும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கரியும் உலோகத் துகளும் கலந்த திரவத்தைச் சங்கிலிக்குத் தடவுவது அரத்தைத் தடவுவதற்குச் சமம்.

ஏர் ஃபில்டர்

என்ஜினுக்குள் போகும் தூசி சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். அடைத்துப்போன ஃபில்டரோ காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலின் பங்கை மிகுதியாக்கும். முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பஞ்சு வகையானால் சோப்பு நீரில் மெதுவாக அலசி, பிழியாமல் உள்ளங்கைகளுக்கு இடையே அழுத்தி நீரை எடுத்து, நிழலில் முழுதாக உலர்த்தி, கையேடு சொல்லும் ஆயிலில் நனைத்து, மிகுதியை மீண்டும் அழுத்தி எடுத்துப் பொருத்த வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கிழியும். பெட்ரோலில் கழுவ வேண்டாம். அது பஞ்சையும் கெடுக்கும், தீ விபத்துக்கும் இடம் தரும்.

உலர் காகித ஃபில்டரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தக் காற்றால் ஊதலாம். தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும், ஆயில் தோய்த்த காகித ஃபில்டரை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. காலம் வந்ததும் மாற்ற வேண்டியதுதான். பெட்டியின் அடியில் தொங்கும் சிறு வடிகுழாயின் மூடியைக் கழற்றி, தேங்கிய நீரையும் ஆயிலையும் வெளியேற்றுங்கள். ஃபில்டரைத் திரும்பப் பொருத்தும்போது அதன் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலும் காற்று அந்த வழியைத்தான் தேடிப் போகும்.

ஸ்பார்க் பிளக்

என்ஜின் நன்றாக ஆறிய பின்னரே பிளக்கைத் தொட வேண்டும். சூடான அலுமினியத் தலையிலிருந்து கழற்றினால் மரை சேதமடையக்கூடும். பிளக்கின் தொப்பியை ஒயரைப் பிடித்து இழுக்காமல், தொப்பியையே பிடித்து லேசாகத் திருகி எடுங்கள். பிளக் அமர்ந்திருக்கும் குழியில் மணல் சேர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றும் முன் அதை ஊதியோ தூரிகையாலோ அகற்றாவிட்டால், கழற்றிய மறுகணம் அது நேராக சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்கின் முனை, என்ஜினுக்குள் எரிதல் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டும். இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஏர் ஃபில்டரை மறுபடியும் பாருங்கள். ஈரமாகவும் பளபளப்பாகவும் கறுத்திருந்தால் ஆயில் மேலேறி எரிகிறது. சுண்ணாம்பு போல வெளுத்து, முனை கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. அதற்குப் பெட்ரோல் குறைந்த கலவையோ, வெப்ப எண் (பிளக் தன் சூட்டை வெளியேற்றும் திறனைக் காட்டும் எண்) பொருந்தாத பிளக்கோ காரணமாக இருக்கலாம்.

சாதாரண பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஃபீலர் கேஜால் அளந்து, பக்கவாட்டு முனையை மட்டும் மெதுவாக வளைத்துச் சரிசெய்யுங்கள். இரிடியம் முனை கொண்ட பிளக்கின் நுனி ஊசி போல மெலிந்தது. அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. திரும்பப் பொருத்தும்போது இறுதி வரை விரலால் ஏற்றி, புதிய வாஷருடன் கூடிய புதிய பிளக் என்றால் ஏறத்தாழ அரைச் சுற்றும், ஏற்கெனவே பயன்படுத்தியது என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு சுற்றும் ஸ்பேனரால் இறுக்கினால் போதும்.

கேபிள்களும் ஐடிலிங்கும்

கிளட்ச் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை எதிர்ப்பின்றி அசைய வேண்டும். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் சற்றே அழுத்தப்பட்ட நிலையில் இருந்து தேய்ந்துபோகும். ஆக்ஸிலேட்டர் கைப்பிடியில் சில மில்லிமீட்டர் தளர்வு போதும். முறுக்கி விட்டதும் அது தானாகவே சட்டென்று திரும்ப வேண்டும். ஐடிலிங் வேகத்தை, அதாவது ஆக்ஸிலேட்டரை முறுக்காதபோது என்ஜின் சுற்றும் வேகத்தை, பத்து நிமிடம் ஓட்டிய பின், சூடான நிலையில் மட்டும் சரிசெய்யுங்கள். பல வண்டிகளில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1400 சுற்று. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில் அதை மின்னணுக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்வதால் நீங்கள் எந்தத் திருகாணியையும் தொட வேண்டியதில்லை.

காற்றால் குளிரும் என்ஜினின் வெளிப்புறத்தில் வரிவரியாக இருக்கும் இறக்கைகளுக்கு இடையே காய்ந்த சேறு இருந்தால் மரக்குச்சியால் எடுத்துவிடுங்கள். சூடான என்ஜின் மேல் குளிர்ந்த நீரை அடிக்காதீர்கள்.

டேப்பட் இடைவெளி

வால்வுக்கும், அதைத் தள்ளித் திறக்கும் ராக்கர் என்ற சிறு கைக்கும் இடையே விடப்படும் இடைவெளி இது. இதைச் சரிசெய்வது சற்றுத் துணிந்தவர்களுக்கான வேலை. ராக்கர் முனையில் திருகாணியும் பூட்டு நட்டும் உள்ள என்ஜினில் மட்டும் வீட்டில் செய்யலாம். தகடுகளை மாற்றிச் சரிசெய்யும் வகையைப் பட்டறைக்கே அனுப்புங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். டேப்பட் சத்தம் கேட்டால் கெட்டது, சத்தமே இல்லாவிட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இடைவெளி அதிகமானால் டிக்டிக் என்ற ஒலி எழும். பாகங்கள் தட்டித் தேயும், ஆனால் காது எச்சரித்துவிடும். இடைவெளி குறைந்தால் ஒலி அடங்கும், என்ஜின் இன்னும் மென்மையாக ஓடுவது போலத் தோன்றும். உண்மையில் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராமல் இருக்கும். மூடிய நிலையில் இருக்கையைத் தொட்டுத்தான் வால்வு தன் சூட்டை இறக்கிக்கொள்கிறது. தொடாவிட்டால் சூடும் இறங்காது, சுடுவாயுவும் அந்த இடுக்கில் சீறும், எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்துபோகும். ஆகவே அஞ்ச வேண்டியது ஒலி இல்லாத என்ஜினைப் பார்த்துத்தான்.

என்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் செய்வது சிறப்பு. பிளக்கைக் கழற்றிவிட்டால் என்ஜினைக் கையால் சுற்றுவது எளிது. டேப்பட் மூடிகளையும், என்ஜினின் இடப்பக்க மூடியில் உள்ள இரண்டு அடைப்பான்களையும் திறந்து, கையேடு காட்டும் திசையில் சுற்றி, மேல் அடைப்பான் இருந்த சாளரத்தில் டி என்ற ஆங்கில எழுத்தின் அருகில் உள்ள கோடு குறியோடு நேராக நிற்கும்படி செய்யுங்கள். அருகிலேயே எஃப் என்ற எழுத்தோடு ஒரு கோடு இருக்கும். அது பொறி பாயும் நேரத்தைக் காட்டுவது, அதில் நிறுத்தினால் அளவு தவறும். டி கோட்டில் நிறுத்திய பின் இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டிலும் சிறு ஆட்டம் இருந்தால் சரியான இடம். ஏதேனும் ஒன்று அசையாமல் இறுகியிருந்தால், இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மீண்டும் அதே கோட்டுக்கு வாருங்கள்.

சிறிய என்ஜின்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிப்பே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். உரிய ஃபீலர் தகட்டில் லேசாக ஆயில் தடவி உள்ளே நுழைத்துப் பாருங்கள். மூடிய புத்தகத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நடுவிலிருந்து ஒரு தாளை உருவும்போது எவ்வளவு பிடிப்பு தெரியுமோ, அவ்வளவு பிடிப்பு இருக்க வேண்டும். தகடு தடையின்றி ஆடினால் இடைவெளி அதிகம், நுழையவே மறுத்தால் குறைவு. பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகாணியை மெல்லத் திருப்பிச் சரிசெய்து, திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். நட்டு இறுகும்போது திருகாணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்பதால், இறுக்கிய பின் மறுபடி அளந்தே ஆக வேண்டும். முதல் முறை எனக்கு ஆறு தடவை ஆனது.

மூடிகளைப் புதிய ரப்பர் வளையத்துடன் பூட்டி, என்ஜினை இயக்கிக் கேளுங்கள். மெல்லிய, சீரான டிக்டிக் ஒலி இருக்கத்தான் செய்யும்.

இந்த வேலைகள் ஒவ்வொன்றையும் முடித்த அன்றே, தேதியையும் கிலோமீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். வடித்த ஆயிலை அளந்து, ஊற்றியதைவிட எவ்வளவு குறைந்திருந்தது என்பதையும், பிளக்கின் நிறத்தையும், திருத்துவதற்கு முன்பிருந்த டேப்பட் இடைவெளியையும் தனியாக எழுதுங்கள். சென்ற முறை 0.08 என்று வைத்த எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி இம்முறை 0.06 ஆகவும், அடுத்த முறை 0.04 ஆகவும் குறைந்திருந்தால், வால்வு தன் இருக்கைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. நோட்டின் அந்தப் பக்கத்தோடு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.